மூன்றாவது பின்

இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏலத்தோட்டக்காரர். வீட்டில் பென்டியம் 4 கணினி ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகிறது. பிள்ளைகள் படிப்பு, வேலை என்று வெளியூர் போய்விட்டார்கள். அவர்கள் சிறுவயதில் பேசியதும் பாடியதும், கோடை பண்பலையிலிருந்து பதிந்து வைத்த நிகழ்ச்சிகளும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. “சில நாள் சத்தமே வருவதில்லை. சில நாள் வருகிறது. ஆனால் கூடவே ‘உம்ம்ம்’ என்று இடைவிடாமல் ஓர் இரைச்சல். டவுனில் காட்டினேன். மதர்போர்டு போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?” என்று கேட்கிறார்.

அநேகமாக வேண்டியதில்லை. அவர் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சத்தம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும். உம்ம் ஓசைக்குக் காரணம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே, வீட்டின் வயரிங்கில் இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் நல்ல கணினிகள் பல பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

எந்தப் பழுதையும் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை. பிள்ளைகளின் குரல் இருக்கும் கோப்புகளை ஒரு பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். ஒலி கேட்காவிட்டாலும் கோப்பு நகரும். பழைய ஹார்டு டிஸ்க் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி சத்தம் வராத கதை. ஸ்பீக்கரைக் கழற்றி அதே பச்சைத் துளையில் ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். ஹெட்போனில் கேட்டால் கணினி மேல் பழி இல்லை. கேட்காவிட்டால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். எக்ஸ்பியில் மொத்த ஒலிக்கு ஒரு கட்டை, ‘வேவ்’ என்று இன்னொரு கட்டை; முதலாவது முழுதாக ஏற்றியிருந்தாலும் இரண்டாவது கீழே கிடந்தால் பாட்டு வராது. துளைகளின் நிறத்தையும் ஒருமுறை பாருங்கள். பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, வெளிர்நீலம் டேப்ரெக்கார்டர், ரேடியோ போன்றவற்றிலிருந்து ஒலி உள்ளே வர. 1990களின் கடைசியில் மைக்ரோசாஃப்ட்டும் இன்டெலும் வகுத்த விதிமுறையில் வந்த நிறங்கள் இவை. அதற்கு முந்தைய அட்டைகள் பலவற்றில் எல்லாத் துளையும் கறுப்புதான். சின்ன எழுத்தைப் படித்துத்தான் செருக வேண்டும்.

இவ்வளவும் சரி என்றால் டிவைஸ் மேனேஜர். மஞ்சள் கேள்விக்குறியோடு ‘மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்’ என்று ஒரு வரி நின்றால், சிப் உயிரோடு இருக்கிறது, அதற்கான டிரைவர்தான் இல்லை என்று பொருள். எந்த டிரைவர் என்று தெரியாமல் கையில் கிடைத்த குறுந்தகடுகளையெல்லாம் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. தேவையே இல்லை. அந்த வரியின் விவரப் பக்கத்தில் தயாரிப்பாளருக்கான நான்கு இலக்க அடையாள எண் இருக்கும். 8086 என்றால் இன்டெல். 1978இல் வந்த தன் புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே அந்த நிறுவனம் அடையாளமாக வைத்துக்கொண்டது. 1106 என்றால் வியா. 1102 என்றால் சிங்கப்பூரின் கிரியேட்டிவ். சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கி, 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டு, கணினி என்றால் ‘பீப்’ மட்டுமே என்றிருந்த நிலையை மாற்றிய நிறுவனம். எக்ஸ்பியில் ஹெச்டி ஆடியோ வகைச் சிப் இருந்தால் இன்னொரு படி உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் கேபி888111 என்ற இணைப்பு உள்ளே போன பிறகுதான் சிப்பின் சொந்த டிரைவர் ஏறும். இந்த வரிசை தெரியாததால் செத்துவிட்டதாகத் தீர்ப்பு வாங்கிய போர்டுகள் ஏராளம்.

“சில நாள் வருகிறது, சில நாள் இல்லை” என்ற வரிதான் என்னை யோசிக்க வைத்தது. மலைப்பகுதியில் இதற்கு இரண்டு காரணங்களைச் சந்தேகிப்பேன். ஒன்று, மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032. அது தீர்ந்தால் பயாஸ் தன் பழைய அமைப்பை மறந்துவிடும். தனியாக சவுண்ட் கார்டு போட்டிருக்கும் கணினியில், அணைத்து வைத்த போர்டு ஒலிச் சிப் மறுபடி விழித்துக்கொள்ளும். பாட்டு ஸ்பீக்கர் செருகாத வழியாகப் போகும். கணினியின் தேதி அடிக்கடி பழைய ஆண்டுக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் பேட்டரிதான்.

இன்னொன்று ஈரம். ஜூன் தொடங்கினால் அங்கே வீட்டுக்குள்ளேயே மஞ்சு வந்து போகும். துளைகளிலும் இணைப்புகளிலும் களிம்பு பிடிக்கும். கணினியை அணைத்து, மின்வயரைப் பிடுங்கிவிட்டு, சவுண்ட் கார்டைக் கழற்றி அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். போர்டிலேயே ஒலிச் சிப் இருந்தால், முன்பக்க ஹெட்போன் துளைக்கான பத்துப் பின் இணைப்பைத் தேடுங்கள். ஏசி’97 வகைப் போர்டுகளில், முன்பக்கத் துளைக்கு வயர் போகாதபோது ஐந்தும் ஆறும் ஒரு தொப்பியால், ஒன்பதும் பத்தும் இன்னொரு தொப்பியால் இணைந்திருக்க வேண்டும். பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி அந்த இரண்டு தொப்பிகள் வழியாகத்தான் பாய்கிறது. தூசி தட்டும்போது ஒன்று கழன்று விழுந்தால் ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமை. இரண்டும் விழுந்தால் மொத்தமும் ஊமை. ஒரு ரூபாய்கூடப் பெறாத பிளாஸ்டிக் துண்டு அது.

அந்த உம்ம் ஓசைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கோளாறு அது. ஒலி அட்டைகளைப் பற்றி எழுதச் சொன்னால் நான் இதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருப்பேன்.

நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. அந்த ஊசலாட்டம் ஸ்பீக்கருக்குள் கசிந்தால் 50 ஹெர்ட்ஸ் ஓசையாகக் கேட்கும்: தாழ்ந்த, உருண்டையான உம்ம். இதே இரைச்சல் சற்று உயர்ந்து, கரகரவென்று 100 ஹெர்ட்ஸில் கேட்டால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் மின்மாற்றிக்குப் பக்கத்துக் கெப்பாசிட்டர் வற்றியிருக்கிறது. அதை மாற்றினால் போதும். கணினியோடு இணைக்காமலே ஸ்பீக்கர் இரைந்தால் அதுதான். கணினியோடு இணைத்தால் மட்டும் தாழ்ந்த உம்ம் எழுகிறது என்றால் சந்தேகம் எர்த் பக்கம் திரும்ப வேண்டும்.

கேபினெட்டின் இரும்பில் புறங்கையால் மெல்ல உரசும்போது சுருசுருவென்று ஓர் அதிர்வு தெரிகிறதா? டெஸ்டர் வைத்தால் மங்கலாக மினுங்குகிறதா? கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸிலிருந்து கேபினெட்டுக்கு ஒரு சிறு கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து இன்னொன்று உண்டு. மின்சாரத்தில் வரும் இரைச்சலை எர்த்துக்கு வடித்துவிடுவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் வடிய வழியில்லை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கேபினெட் 230 வோல்ட்டில் பாதியாகிய 115 வோல்ட் அளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது, மில்லி ஆம்பியரில் ஒரு பங்குதான். ஆனால் அது எங்காவது வழி தேடும். கேபிள் டிவி வயரைக் கணினியின் டிவி கார்டில் செருகியிருந்தாலோ, ஆடியோ வயரால் வேறொரு பெட்டியோடு இணைத்திருந்தாலோ, அந்த வயரின் வெளி உறை வழியாக ஓடும். அதே உறைதான் பாட்டுக்கும் திரும்பும் பாதை. பாட்டோடு 50 ஹெர்ட்ஸும் சேர்ந்துகொள்கிறது.

எர்த் இருந்தாலும் இது நேரலாம். எங்கள் தோட்டத்துச் சரிவில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை ஒரு குழாயால் இணைத்திருந்தோம். மட்டம் ஒன்றாக இல்லாதவரை குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வீட்டு எர்த் ஒரு மட்டத்திலும், கேபிள்காரர் வயர் தொடும் எர்த் வேறு மட்டத்திலும் இருந்தால் நடுவில் இணைக்கும் வயரிலும் அப்படித்தான். கேபிள் வயரைக் கழற்றியதும் உம்ம் நின்றால் நோய் தெரிந்துவிட்டது. கணினி, ஸ்பீக்கர், மானிட்டர் மூன்றையும் ஒரே போர்டில் செருகுங்கள். கேபிள் வயர் அவசியம் என்றால் நடுவில் ஒரு தனிமைப்படுத்தும் மின்மாற்றி வையுங்கள்.

இந்த 50 ஹெர்ட்ஸ் துல்லியமாக 50 அல்ல. நாட்டின் தேவை ஏறினால் ஒரு நூலளவு இறங்கும், குறைந்தால் ஏறும். இப்போது 49.90க்கும் 50.05க்கும் இடையில் வைத்திருக்கப் பார்க்கிறார்கள். மின்பற்றாக்குறை ஆண்டுகளில் 49.5க்குக் கீழேயும் போனதுண்டு. வியப்பு எதில் என்றால், ஒரே கட்டமைப்பில் இணைந்த எல்லா இயந்திரங்களும் ஒரே துடிப்பில்தான் சுற்ற முடியும். மூலமற்றத்தில் மலையைக் குடைந்து அமைத்த இடுக்கி நிலையத்தின் ஆறு இயந்திரங்களும், கம்பத்துக்குத் தென்மேற்கே லோயர் கேம்ப்பில் பெரியாற்று நீரில் ஓடும் இயந்திரங்களும் ஒன்றையொன்று விட்டு விலகுவதில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் தென்மண்டலத்தை நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒரே துடிப்பில் இணைத்தது. அன்று முதல் வண்டன்மேட்டு ஸ்பீக்கரின் உம்ம் ஓசையும் டெல்லியில் ஏதோ ஒரு வீட்டின் உம்ம் ஓசையும் ஒரே ஏற்ற இறக்கத்தில் நடக்கின்றன.

இந்த ஏற்ற இறக்கம் ஒருமுறை நடந்தபடி மறுமுறை நடப்பதில்லை. அதனால் ஒலிப்பதிவுக்குள் புகுந்த உம்ம் ஓசையை மின்கட்டமைப்பின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எந்த நாளில் எந்த நேரத்தில் பதிந்தது, நடுவில் வெட்டி ஒட்டினார்களா என்று கண்டுபிடிக்கிறார்கள் தடய அறிவியலாளர்கள். ருமேனியாவின் கேடலின் கிரிகோராஸ் இந்த முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். அந்த வாசகரின் பிள்ளைகள் மைக் முன்னால் நின்று பாடிய பதிவுகளிலும் அந்த இரைச்சல் இருக்கக்கூடும். 2013க்கு முந்தையவை என்றால் அதில் தென்மண்டலத்தின் தனித் துடிப்பு மட்டும் இருக்கும். பதிவைச் சுத்தம் செய்கிறேன் என்று மூலக் கோப்பிலேயே கைவைக்காதீர்கள். ஒரு நகலில் செய்யுங்கள்.

எனக்கு மனவருத்தம் தரும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உம்ம் ஓசையை நிறுத்த மிக எளிய வழி ஒன்று ஊரெங்கும் புழங்குகிறது: மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிடுவது, அல்லது இரண்டு பின் அடாப்டர் போடுவது. சுற்று அறுபடுவதால் ஓசை நிற்கும், உண்மைதான். ஆனால் நாளைக்கு எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் காப்புறை கெட்டு 230 வோல்ட் முழுதாகக் கேபினெட்டுக்கு வந்தால், ஃபியூஸைப் போக்கவோ ஈஎல்சிபியைத் தட்டவோ அந்த மூன்றாவது பின் வழியாகத்தான் மின்சாரம் ஓட வேண்டும். அது இல்லாவிட்டால் கேபினெட்டைத் தொடுகிற ஆள் வழியாக ஓடும். ஈரத்தரையில் செருப்பில்லாமல் நிற்கிற பிள்ளையாகக்கூட அது இருக்கலாம். பாட்டு தெளிவாகக் கேட்பதற்காக இந்த விலை கொடுப்பதை நான் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எர்த் இல்லாமல் வயரிங் முடித்துக் கொடுப்பவர்களும், கேட்காமல் வாங்கிக்கொள்ளும் நாமும் இதில் பங்காளிகள்.

ஏலமலையில் எர்த் போடுவது சமவெளியைப் போல எளிதல்ல. சில முழம் தோண்டினால் பாறை. பாறை மின்சாரத்தை எளிதில் விழுங்காது. ஐஎஸ் 3043 என்ற இந்தியத் தர விதி, குழாய் எர்த் என்றால் இரண்டரை மீட்டராவது இறங்க வேண்டும் என்கிறது. சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு ஈரம் நிற்கச் செய்வது நம் ஊர் வழக்கம். ஒரு குழியில் ஆழம் கிடைக்காவிட்டால் தள்ளித் தள்ளி இரண்டு மூன்று போட்டு இணைக்கலாம். மண் காயக் காய எர்த் பலம் குறையும். ஏலச்செடிக்குத் தண்ணீர் விடும் மாதங்களில் எர்த் குழிக்கும் ஒரு குடம் ஊற்றுங்கள். கோடையில் மட்டும் உம்ம் கூடுகிறது என்றால் குழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மின்னலும் இதே கணக்கில் வருகிறது. கோடை மழையிலும் வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷத்திலும் பிற்பகலானால் இடுக்கியில் இடி தவறாது. தொலைபேசி வயர் வழியாக வந்து மோடத்தைச் சுட்டுவிட்டு, பக்கத்து இடுக்கில் இருக்கும் சவுண்ட் கார்டையும் சேர்த்துச் சுட்ட மின்னல்கள் உண்டு. ஸ்பைக் கார்டு போட்டிருக்கிறேன் என்று இருந்துவிடாதீர்கள். பாய்ந்து வரும் மின்சாரத்தை எர்த்துக்குத் தள்ளுவதுதான் அதன் பெரிய வேலை, எர்த் இல்லாத வீட்டில் அது எங்கே தள்ளும்? வானம் இருட்டியதும் மின்வயர், தொலைபேசி வயர், கேபிள் வயர் மூன்றையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஒருவேளை ஒலிச் சிப் நிஜமாகவே எரிந்திருந்தாலும் கணினியை மாற்ற வேண்டாம். யூஎஸ்பி ஒலி அட்டை என்று விரல் நீளத்தில் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெரும்பாலானவை எக்ஸ்பியில் தனி டிரைவர் கேட்காமலே ஓடும். அதைச் செருகிய பிறகும் அதே உம்ம் கேட்டால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். யூஎஸ்பியின் தரைக் கம்பியும் அதே கேபினெட்டில்தான் போய்ச் சேர்கிறது. எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.