கிளட்ச் கொஞ்சம் லூஸாகவே இருக்கட்டும்

ஏற்காடு மலையில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க எஞ்சின்தான் கத்துகிறது. வண்டி வேகம் எடுக்க மாட்டேன் என்கிறது. பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய தொல்லை இது. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. உடனே பலரும் கேபிள் அட்ஜஸ்டரைத் திருகி இன்னும் கொஞ்சம் டைட் வைப்பார்கள். ஸ்லிப் ஆகிற கிளட்சுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

ஏன் என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். புல்லட்டின் கிளட்ச் இடப்பக்கம் பிரைமரி கேஸுக்குள் ஆயிலில் நனைந்தபடி இருக்கிறது. உராய்வுப் பிளேட்டுகளும் இரும்புப் பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஒரு வகை எஞ்சினோடு சுற்றும், மற்றது கியர்பாக்ஸோடு. இரு உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்த காசு அடுக்கு மாதிரி, ஸ்பிரிங்கும் பிரஷர் பிளேட்டும் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கும் வரை எல்லாம் ஒன்றாகச் சுற்றும்.

லீவரைப் பிடித்தால் கேபிள் இழுப்பது வலப்பக்கத்தில். கியர்பாக்ஸ் மூடிக்குள் இருக்கும் ஒரு சின்ன நெம்புகோல், மெயின் ஷாஃப்டின் துளை வழியாக ஒரு கம்பியைத் தள்ளுகிறது; அந்தக் கம்பி இடப்பக்கம் வரை போய் பிரஷர் பிளேட்டைத் தூக்குகிறது. இங்கிலாந்தில் வகுத்த இந்த அமைப்பைத்தான் 1955 முதல் சென்னையில் தயாரான புல்லட்டுகளும் பல பத்தாண்டுகள் சுமந்தன.

இப்போது சூட்சுமத்துக்கு வருவோம். கேபிள் நாளாக நாளாக நீளும்; லீவரில் பிளே, அதாவது கேபிளை இழுக்கத் தொடங்கும் முன் லீவர் சும்மா அசையும் தூரம், கூடும். பிளேட் தேய்ந்தாலோ நேர்மாறு: அடுக்கின் தடிமன் குறைய, பிரஷர் பிளேட் உள்ளே இறங்கி, கம்பியை வலப்பக்கமாகத் தள்ளும், பிளே குறையும். யாரும் தொடாமலே லீவர் டைட் ஆகிக்கொண்டு வந்தால் பிளேட் தேய்கிறது என்று பொருள். பிளே முழுக்கப் போய்விட்டால், யாரோ எந்நேரமும் கிளட்சை லேசாகப் பிடித்திருப்பது போலத்தான். ஸ்பிரிங்கின் முழு அழுத்தம் பிளேட்டுக்குப் போகாது. ஸ்லிப் ஆகும், சூடேறும், சூட்டில் இன்னும் தேயும், பிளே இன்னும் குறையும். லீவர் மேல் இரண்டு விரலைப் போட்டபடியே ஓட்டும் பழக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பிளே அதிகமானால் வேறு கஷ்டம். லீவரை முழுசாகப் பிடித்தும் பிளேட்டுகள் பிரியாது. சிக்னலில் ஃபர்ஸ்ட் கியரில் நிற்கும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும். நியூட்ரலுக்கென்றே தனி லீவர் வைத்த வண்டியில்கூட நியூட்ரலைத் தேட வேண்டி வரும்.

சரிசெய்ய எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முதலில் கேபிள் அட்ஜஸ்டரை நன்றாகத் தளர்த்திவிடுங்கள். பலர் தாண்டிப் போகும் படி இதுதான். கேபிள் இழுத்துக்கொண்டிருக்கும்போது உள் அட்ஜஸ்ட்மென்ட் சரியாக வராது. பிறகு கியர்பாக்ஸின் வலப்பக்கத்தில் உள்ள சின்ன மூடியைக் கழற்றினால், நடுவில் ஸ்க்ரூவும் அதைச் சுற்றி லாக் நட்டும் தெரியும். நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை விரல் பலத்தில் உள்ளே திருகுங்கள். கம்பியைத் தொட்டதும் ஒரு மெல்லிய தடை தெரியும். அங்கிருந்து அரைச் சுற்றுப் பின்னால் எடுத்து, ஸ்க்ரூட்ரைவரால் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்தபடி லாக் நட்டை இறுக்குங்கள். பிடிக்காவிட்டால் நட்டோடு ஸ்க்ரூவும் சுற்றி, செய்த வேலை வீணாகும்.

அப்புறம் கேபிள். லீவரின் அடிப்பாகத்துக்கும் அதன் பிராக்கெட்டுக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வரும்படி அட்ஜஸ்டரைத் திருகினால் போதும். ஹீரோ ஹோண்டா சிடி 100 போன்ற வண்டிகளுக்கு 10 முதல் 20 மி.மீ. என்பார்கள், அது லீவரின் நுனியில் அளப்பது, குழம்ப வேண்டாம். ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கம் பிளே காணாமல் போனால் கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது. லீவர்முனையில் நிப்பிளுக்குப் பக்கத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுவதே நல்லது.

காலையில் மட்டும் ஃபர்ஸ்ட் கியர் 'டங்' என்று விழுந்தால் அட்ஜஸ்ட்மென்ட் மேல் பழி போடாதீர்கள். இரவெல்லாம் நின்றதில் பிளேட்டுகள் ஆயிலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் செய்யுமுன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இரண்டு மூன்று முறை மிதித்தால் பிரிந்துவிடும்.

சிடி 100-இல் எஞ்சின் ஆயிலேதான் கிளட்ச் ஆயிலும். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயிலை ஊற்றினால், எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் ஸ்லிப் நிற்காமல் போகலாம். ஜப்பானில் 1998-இல் வந்த ஜாசோ தரத்தின் 'எம்ஏ' முத்திரை கேனில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆயிலும் சரி, பிளேயும் சரி, இன்னும் ஸ்லிப் ஆகிறதென்றால் பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் மாற்றும் வேளை வந்துவிட்டது.