கல்லூரி முடிந்த முதல் ஆண்டும் நட்பும்

கடைசித் தேர்வு முடிந்த அன்று மாலை நம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாக்குறுதியைத்தான் தந்து பிரிகிறார்கள்: "எங்கே போனாலும் தொடர்பு விட்டுப் போகாது." ஜூலை வரை தினமும் பேச்சு நடக்கிறது. தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் படம் வருகிறது. பொங்கலுக்குள் நாலைந்து பேரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. சண்டையில்லை, மனத்தாங்கலில்லை. பின் ஏன் இப்படி ஆகிறது? இதைத் தடுக்க முடியுமா?

முதலில் காரணத்தைப் பார்ப்போம். கல்லூரியில் நட்பை வளர்ப்பவர்கள் நாம் அல்ல, இடம்தான் வளர்க்கிறது. ஒரே வகுப்பு, ஒரே கேண்டீன், செகந்திராபாத்திலிருந்து ஒரே பஸ். யாரும் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் என்னும் பேராசிரியர் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் நெருங்கிய நண்பராவதற்குச் சுமார் 200 மணி நேரமாவது சேர்ந்து பழகியிருக்க வேண்டும். கல்லூரியில் அது ஒரு பருவத்திலேயே தானாகக் கிடைத்துவிடும். பட்டம் பெற்ற பிறகோ, வாரம் 20 நிமிடம் போனில் பேசினால்கூட ஆண்டு முழுவதற்கும் 17 மணி நேரம்தான் ஆகிறது. அந்த 20 நிமிடமும் யாராவது ஒருவர் நினைத்துக்கொண்டு போனை எடுத்தால்தான் உண்டு.

இரண்டாவது காரணம், மனிதனின் நேரத்துக்கு எல்லை உண்டு என்பது. இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடித்த 24 பேரின் தொலைபேசி அழைப்புகளை 18 மாத காலம் கவனித்து, ராபின் டன்பார் உள்ளிட்ட அறிஞர்கள் 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த 18 மாதங்களில் அவர்கள் பழகும் ஆட்கள் நிறையவே மாறிவிட்டார்கள். ஆனால் மிக நெருங்கிய சிலருக்கு எவ்வளவு நேரம், மற்றவர்களுக்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரும் பங்கிடும் முறை மட்டும் பெரிதாக மாறவில்லை. அதாவது, புதிதாக ஒருவர் உள்ளே வந்தால் பழையவர் ஒருவர் பின்னுக்குப் போகிறார். எனவே நண்பனை மறப்பது நன்றி கெட்டதனம் என்று சொல்லிவிட முடியாது. கவனிக்காமல் விட்டால் இயல்பாக நடப்பது அதுதான்.

கருவிகள் பெருகியும் ஏன் குறை?

முன்பெல்லாம் ஒரு இன்லேண்ட் லெட்டர் போய்ப் பதில் வர பத்து நாளாகும். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினோம். 1995-ல் நம் நாட்டில் செல்போனும் பொது மக்களுக்கான இன்டர்நெட்டும் வந்தன. 2013 ஜூலையில் தந்தி சேவையே நின்றுபோனது. இன்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஆயிரம் பேரைச் சேர்க்கலாம். ஆனால் கடிதத்தில் ஒரு நன்மை இருந்தது. அது ஒருவர் பெயருக்கு வந்தது. பதில் போடும் கடன் அந்த ஒருவருக்கே உரியது. அறுபது பேர் உள்ள குழுவில் "எல்லோரும் சௌக்கியமா?" என்று கேட்டால் அந்தக் கடன் யாருக்கும் இல்லை. அறுபது பேரும் படிப்பார்கள், நாலு பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள், அத்தோடு சரி. குழு என்பது அறிவிப்புப் பலகை. அது வேண்டியதுதான் என்றாலும் நட்புக்கு அது போதாது.

மௌனமாகிப் போகிறவர் யார்?

நாம் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. கல்லூரி வரை எல்லோரும் ஒரே தட்டு. பட்டம் வாங்கிய சில மாதங்களிலேயே ஒருவர் கச்சிபௌலியில் கணினி நிறுவனத்தில் சேர்ந்துவிடுகிறார். ஒருவர் விமானம் ஏறி அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் போகிறார். இன்னொருவர் கேம்பஸில் தேர்வாகியும் சேரும் தேதி வராமல் காத்திருக்கிறார். மற்றொருவருக்கு ஒரு பேப்பர் பாக்கி. நம் ஊரில் அரியர் என்பதை இங்கே பேக்லாக் என்கிறார்கள். அவர் அமீர்பேட்டையில் ஏதோ கோர்ஸில் சேர்ந்து வேலை தேடிக்கொண்டிருக்கிறார். குழுவில் முதல் சம்பள விருந்தின் படங்கள் வரும்போது இந்த இருவரும் என்ன எழுதுவார்கள்? ஒன்றும் எழுத மாட்டார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்து, "அவனுக்கு நம் நினைப்பே இல்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் அவனுக்கு நினைப்பு அதிகம். சொல்லிக்கொள்ளும்படி சேதி இல்லை என்ற கூச்சம் அதைவிட அதிகம். ஆக, நட்பு மிகவும் தேவைப்படுகிற நேரத்தில்தான் அது அறுந்துபோகிறது.

ஆகவே முதல் அழைப்பு வேலை கிடைத்தவரிடமிருந்து போக வேண்டும். "வேலை கிடைத்ததா?" என்று தொடங்காமல், "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய்?" என்று தொடங்கலாம். இத்தனை நாள் கழித்துப் பேசினால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கமும் வேண்டாம். பெக்கி லியு என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், எதிர்பாராமல் வரும் விசாரிப்பை மக்கள் நாம் நினைப்பதைக் காட்டிலும் அதிகமாகவே மகிழ்ந்து வரவேற்கிறார்கள் என்று தெரியவந்தது.

பேச்சோடு ஒரு வேலையும்

இளைஞர்கள் பலருக்குப் பேசுவதைவிடச் சேர்ந்து ஏதாவது செய்வதுதான் நட்பைக் காக்கிறது. இதற்கு நம் ஹைதராபாத்திலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் நாம்பள்ளியில் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கிறோமே, அந்த நுமாயிஷ் பொருட்காட்சி யார் தொடங்கியது? உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகள். தங்கள் சங்கத்தின் சார்பில், சமஸ்தானத்தின் பொருளாதார நிலையை ஆராய நிதி திரட்டுவதற்காக 1938-ல் பப்ளிக் கார்டனில் அதை நடத்தினார்கள். 1946-ல் அது இப்போதுள்ள மைதானத்துக்கு வந்தது. பொருட்காட்சி வருமானத்தில் சரோஜினி நாயுடு வனிதா மகா வித்யாலயா போன்ற கல்வி நிலையங்களும் நடைபெறுகின்றன. படித்து வெளியே வந்தவர்கள் கூடிப் பேசியதோடு நிற்காமல் ஒரு வேலையை எடுத்துக்கொண்டதால், அவர்கள் தொடங்கியது பல தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது.

நம் பிள்ளைகள் பொருட்காட்சி நடத்த வேண்டியதில்லை. கீழ்க்கண்ட நாலு காரியங்கள் போதும்.

1. அறுபது பேரையும் காப்பாற்ற முயல வேண்டாம். நாலைந்து பேரைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசலாம்.

2. நேரத்தை நிச்சயித்துக்கொள்ளலாம். இங்கே ஞாயிறு காலை எட்டு மணி என்றால் நியூயார்க்கில் கோடையில் சனி இரவு பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. இருவருக்கும் விடுமுறை.

3. உள்ளூரில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை நேரில் சந்திக்கலாம். மியாப்பூர் – எல்.பி. நகர் மெட்ரோவும் நாகோல் – ராய்துர்க் மெட்ரோவும் அமீர்பேட்டையில் சேர்கின்றன. நாலு திசையிலிருந்தும் அங்கே வந்து ஒரு சாயா குடிக்கலாம். அந்தச் செலவு யாருக்கும் சுமையாகாது.

4. ஆண்டுக்கு ஒரு நாளை இப்போதே குறித்து வைக்கலாம். சங்கராந்திக்குப் பெங்களூரிலும் சென்னையிலும் இருப்பவர்கள் வீட்டுக்கு வருவார்கள். நுமாயிஷும் அப்போது நடக்கும். பட்டமளிப்பு விழா நாளும் ஏற்றதே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

நமக்கு ஊர் என்றால் கும்பகோணமோ திருநெல்வேலியோ பாலக்காடோ. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சித்தப்பா வீடும் அத்தை வீடும் ஓரிரவு ரயில் பயணத்துக்கு அப்பால் இருக்கின்றன. தெலுங்கும் தக்கனி உருதுவும் பேசும் அந்த நண்பர்கள்தான் அவனுக்கு ஊர். நாளை அவன் கடல் கடந்து போய்விட்டால், இங்கே தனித்திருக்கும் நமக்கு நடு இரவில் ஆஸ்பத்திரிக்குத் துணை வரப்போகிறவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். "படிப்பு முடிந்தது, இன்னும் என்ன சிநேகிதம்?" என்று நாம் கேட்கலாகாது.

வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு பையனோ பெண்ணோ சில மாதங்களாகக் கண்ணில் படவில்லையென்றால், பிள்ளையிடம் விசாரியுங்கள். முடிந்தால் நீங்களே போன் செய்து, "என்னப்பா, ஆளையே காணோம்? ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா" என்று கூப்பிடுங்கள். வேலையைப் பற்றி அன்று ஒரு கேள்வியும் வேண்டாம். இலை போட்டுச் சாம்பார் ஊற்றினால் போதும். மற்றதை அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள்.