போன சிவிங்கி திரும்பி வருமா?

மயிலம் முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? சூரபத்மன் அங்கே மயில் உருவில் தவம் செய்து, முருகனுக்கு வாகனமானான் என்பது ஸ்தல புராணம். ஓர் உருவம் போய் இன்னோர் உருவம் வருவது புராணத்தில் சுலபம். விஞ்ஞானத்தில்?

மயிலத்துக்கு அருகே உள்ள திருவக்கரையில், வக்ரகாளியம்மனைத் தரிசித்துவிட்டு அப்படியே கல்மரங்களையும் பாருங்கள். சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முன் வாழ்ந்த மரங்கள்! மண்ணில் புதைந்து கல்லாய்ச் சமைந்துவிட்டன. பார்வைக்கு மரம்தான், ஆனால் உயிருள்ள அணு ஒன்றுகூட அவற்றில் இல்லை. இனி அவை துளிர்க்க வழியே கிடையாது.

அணு கிடைத்தால் மட்டும் ஆகிவிடுமா? அதையும் நம் நாட்டில் யோசித்தார்கள். காற்றாய்ப் பறக்கும் சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டையொட்டி, ஹைதராபாத் உயிரணு ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் லால்ஜி சிங் ஒரு திட்டம் வகுத்தார். ஈரானில் எஞ்சியிருந்த சிவிங்கியிடமிருந்து அணுவை எடுப்பது. கரு நீக்கிய சிறுத்தையின் முட்டைக்குள் அதை வைப்பது. சிறுத்தையின் வயிற்றிலேயே குட்டியை வளர்ப்பது. பலே யோசனைதான்! ஆனால் ஈரான் சம்மதிக்கவில்லை. திட்டம் அதோடு நின்றது.

ஸ்பெயினில் முயன்றே பார்த்தார்கள். பைரனீஸ் மலையாட்டு இனத்தின் கடைசி ஆடு 2000-இல் மடிந்தது. முன்பே சேமித்து வைத்திருந்த அதன் அணுவிலிருந்து 2003-இல் ஒரு குட்டி பிறந்தது. ஐயோ பாவம்! நுரையீரல் கோளாறினால் சில நிமிஷங்களிலேயே அதுவும் இறந்தது.

பிழைத்திருந்தால்தான் என்ன? பிள்ளை பெற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெற்றால் போதுமா, வளர்க்க வேண்டாமா? பதுங்கிப் பாயும் சிறுத்தை, ஓடித் துரத்தும் சிவிங்கிக்கு எந்த வேட்டையைக் கற்றுக்கொடுக்கும்? துணைக்கு இனம் வேண்டும். ஓடப் புல்வெளி வேண்டும். இரைக்கு மான் வேண்டும். இவற்றையெல்லாம் எந்தக் கண்ணாடிக் குழாயில் உண்டாக்குவது?

2022-இல் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகளை மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்க இனமானாலும் உயிருள்ள தாய்மார்கள் வந்தார்கள். அங்கே குட்டிகளும் பிறந்திருக்கின்றன. அவற்றிலும் சில தக்கவில்லை. இழந்ததை மீட்பது அவ்வளவு கஷ்டம்!

அடுத்த முறை மயிலத்துக்குப் போகையில் வழியில் மயில் எதிர்ப்பட்டால், குழந்தைகளுக்குக் காட்டுங்கள். இருக்கும்போதே காப்பாற்றுவதுதான் எல்லாவற்றிலும் சுலபமான வித்தை என்பதையும் சொல்லி வையுங்கள்.