வெயில் ஆகாத குழந்தைகள்

திருச்சி வெயிலைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை, நடுப்பகல் சூரியன் இவ்வூருக்கு நேர் உச்சியிலேயே வந்து நிற்கிறான். இருந்தாலும் வெயில் நமக்கு வேண்டியவன்தான். வடாம் காய வேண்டும். துணி உலர வேண்டும். கைக்குழந்தைக்கு எண்ணெய் தடவிச் சற்று இளவெயிலில் போட வேண்டும் என்று பாட்டிமார்கள் சொல்வார்கள்.

அந்த இளவெயிலும் ஆகாத குழந்தைகள் மிக அபூர்வமாகப் பிறக்கிறார்கள். சிலருக்குச் சிறிது நேர வெயிலிலேயே முகம் சிவந்து கொப்பளித்துவிடும். வேறு சிலருக்குக் கொப்பளமே இராது. இரண்டு வயதுக்குள் முகத்திலும் கைகளிலும் எள் தெளித்தாற்போல் கரும்புள்ளிகள் தோன்றும். வெளிச்சத்தில் கண் கூசும். பாதுகாப்பில்லாமல் விட்டால், பத்து வயது நிரம்பும் முன்பே சருமத்தில் புற்று நோய் வந்துவிடக்கூடும். மாநிறமோ கறுப்போ, நிறம் இவர்களைக் காப்பாற்றுவதில்லை.

இந்நோய்க்கு 'ஜெரோடெர்மா பிக்மென்டோசம்' என்று பெயர். வியன்னா நகரின் சரும வைத்திய நிபுணர் கபோசி, தம் மாமனார் ஹெப்ராவுடன் சேர்ந்து எழுதி 1874-ல் வெளியான நூலில் இதை வர்ணித்தார். காரணம் புலப்பட ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் நம் எல்லோருடைய உயிரணுக்களிலும் உள்ள டி.என்.ஏ. இழையைத் தினந்தோறும் சேதப்படுத்துகின்றன. கிழிந்த பட்டுப் புடவையை இழையோட்டிச் சரி செய்வது போல, உடம்பு அதைத் தானே தைத்துக் கொள்கிறது. இக்குழந்தைகளின் உடம்பில் அந்தத் தையல் வேலை நடப்பதில்லை என்று 1968-ல் ஜேம்ஸ் கிளீவர் கண்டுபிடித்தார். அந்தத் தையல் எப்படி நடக்கிறது என்று விளக்கிய அசீஸ் சன்ஜார், 2015-ல் ரசாயன நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

சரி, இது எப்படி வருகிறது? இங்கேதான் நம் வீட்டுப் பேச்சு கொஞ்சம் திருந்த வேண்டும். "கிரகணத்தில் வெளியே போனாள்", "அவள் வயிற்று ராசி" என்று பழியைத் தாயின் தலையில் போடுகிறோம். உண்மை என்ன? பழுதான மரபணு தாயிடம் ஒன்று, தந்தையிடம் ஒன்று இருந்தால்தான் நோய் வரும். இருவரும் பூரண ஆரோக்கியமாகவே இருப்பார்கள். அத்தகைய தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு, குழந்தைக்கு நோய் வர வாய்ப்புண்டு. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயே முடிச்சுப் போடும்போது, ஒரே பாட்டனாரின் பழுது இரு பக்கமாகவும் வந்து சேரும் சந்தர்ப்பம் கூடுகிறது. உறவில் மணந்தவர்கள் எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை; ஆனால் குடும்பத்தில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், அடுத்த சம்பந்தம் பேசுமுன், அடுத்த பிரசவத்துக்கு முன், மரபணு ஆலோசனை பெறுவது புத்திசாலித்தனம்.

நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. காப்பாற்றும் வழி உண்டு. நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சூரியக் கதிரைத் தடுக்கும் களிம்பு இவை எந்நாளும் வேண்டும். வெறும் ஜன்னல் கண்ணாடி போதாது. அதன்மேல் கதிர்த் தடுப்புத் தாள் ஒட்ட வேண்டும். வெயில் படாததால் குறையும் 'டி' வைட்டமினை டாக்டர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். வீட்டில் யாரும் சிகரெட் பிடிக்கலாகாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சரும டாக்டரிடம் காட்ட வேண்டும். புதிதாய் முளைக்கும் கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். கண்ணையும் காதையும் கூடப் பரிசோதிக்க வேண்டும்.

இத்தனை கட்டுக்காவலில் குழந்தைக்கு என்ன சுகம் என்று கேட்பீர்கள். பிரான்ஸ் தேசத்தில் இவர்களை 'நிலாக் குழந்தைகள்' என்று அழைக்கிறார்கள். பொழுது சாய்ந்தபின் காவிரிக் கரையில் ஓடி விளையாட யார் தடுக்கப் போகிறார்கள்? வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறப்பதும் விடியுமுன்தானே? தெருவில் இப்படி ஒரு குழந்தையைக் கண்டால், "தொற்றுமோ?" என்று உங்கள் குழந்தையை இழுத்துக் கொள்ளாதீர்கள். இது தொற்றாது. விளக்கு வைத்தபின் விளையாட அனுப்பி வையுங்கள். அந்தத் தாய்க்கு அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.