வாலாட்டிகளின் ஒப்பனை அறை

செருப்பை இங்கேயே கழற்றிவிடுங்கள். தரை முழுக்க சோப்புத் தண்ணீர். சுவரோரமாகவே வாருங்கள், நடுவில் குழாய் கிடக்கிறது. திட்டக்குடியிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் ஒரு கால்நடை மருத்துவமனை. முன்பக்கம் மருந்துக்கடை, நடுவில் டாக்டர் அறை, அதற்கப்பால் ஒரு பச்சைத் திரை. பெஞ்சில் நாயோடு காத்திருப்பவர்களுக்கு அந்தத் திரைதான் எல்லை. நமக்கோ உள்ளே போக அனுமதி கிடைத்துவிட்டது! டாக்டரம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: “எங்க பேரைப் போட்டுடாதீங்க. இப்பவே ஞாயித்துக்கிழமை சோறு திங்க நேரமில்ல.”

திரை விலகியதும் முதலில் வருவது வாடை. ஈர நாய், வேப்பெண்ணெய், பினாயில், கூடவே யாரோ பாதியில் பிரித்து வைத்த முறுக்குப் பொட்டலம். ஒரு சிமென்ட் தொட்டி. ரப்பர் பாய் விரித்த மேஜை. ஆணிகளில் வரிசையாக வாய்ப்பூட்டுகள். துவட்டுவதற்குக் கிழிந்த வேட்டிகள், அவற்றோடு சரிகை போட்ட ஒரு பழைய புடவை. அது எந்தக் கல்யாணத்துக்குப் போய் வந்ததோ. அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே என்ன ஊறுகிறது என்று எட்டிப் பார்த்தேன். ஸ்பிரிட்டில் போட்ட உண்ணிகள். நீங்கள் பார்க்க வேண்டாம்.

வேலைக்கு இரண்டு பேர். எல்லோரும் ‘மாமா’ என்று கூப்பிடுகிற பெரியவர் ஒருவர். செம்மறிக்கு மயிர் கத்தரித்துப் பழகிய கை. இன்னொருவர் பெண்ணாடத்துத் தம்பி. கொளுத்துகிற வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார். காரணம் கேட்கப் போனேன். அதற்குள் தொட்டியிலிருந்த நாய் உடம்பை உதறி எனக்குப் பதில் சொல்லிவிட்டது.

இருவருக்கும் நடுவே ஒரு விளையாட்டு ஓடுகிறது, வெளியே யாருக்கும் தெரியாது. திரைக்கு அந்தப் பக்கம் நாய் வந்து நிற்கும்போதே, முகத்தைப் பார்க்காமல், அதற்கு என்ன குறை என்று சொல்ல வேண்டும். தோற்றவர் டீ வாங்க வேண்டும்.

இதோ, வெளியே டைல்ஸ் மேல் ‘டக் டக் டக்’.

“நகம்,” என்றார் மாமா, திரும்பாமலே. “காதும்தான்,” என்றார் தம்பி. நடந்து வந்த நாய் நின்ற இடத்தில் ‘பட பட’வென்று காதடித்ததை அவர் கேட்டுவிட்டார். உள்ளே வந்தது டைகர், கொழுத்த லாப்ரடார். இருவர் சொன்னதும் சரி!

மண்ணில் ஓடுகிற நாய்க்கு நகம் தானே தேயும். டைல்ஸ் வீட்டு நாய்க்கு எங்கே தேய்வது? நேராக நிற்கும்போது நகம் தரையைத் தொட்டாலே வெட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். முன்காலின் உள்பக்கம் மேலே தனியாக நிற்கிற கட்டைவிரல் நகத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்களாம். அது தரையைத் தொடுவதே இல்லை. வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே குத்திவிடும். டைகரின் நகம் கறுப்பு. உள்ளே ரத்தக் குழாய் எங்கே முடிகிறது என்று தெரியாது. அதனால் மாமா நறுக்கென்று வெட்டாமல் மெல்லிசு மெல்லிசாகச் சீவுகிறார். ரத்தம் வந்தால் அப்ப ஒரு பொடி பக்கத்திலேயே இருக்கிறது. கத்தரி படுவதற்கு முன்பே டைகர் ஊளையிடத் தொடங்கியது. அதைப் பிடித்திருந்த டிராக்டர்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். “நாயைப் பிடிக்கச் சொன்னா இவரை யாராச்சும் பிடிங்கப்பா!”

காது? தொங்கு காதுக்காரர் வாய்க்காலில் குளித்துவிட்டு அப்படியே படுத்திருக்கிறார். உள்ளே ஈரம், பழுப்பு அழுக்கு, புளித்த வாடை. காதுக்குள் பஞ்சுக்குச்சி விடுகிற வேலை மட்டும் வீட்டில் வேண்டாம் என்று சொல்லி, டிராக்டர்காரரை டாக்டர் அறைக்கு அனுப்பினார்கள்.

அடுத்தது பிங்கி, வெள்ளை பொமரேனியன். அடேயப்பா, என்ன பளபளப்பு! எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மாமா முதுகைத் தொடவே இல்லை. விரல்கள் நேரே காதுக்குப் பின்னாலும் முன்காலின் அக்குளுக்குள்ளும் போயின. கட்டிக் கட்டியாகச் சிடுக்கு.

“தெனமும் சீவுறேனே!” என்றார் கூட வந்த அக்கா.

“மேலாப்புல சீவுறீங்க தாயி. சீப்பு தோல் வரைக்கும் போவணும். எங்க மாட்டுதோ அங்கதான் வேலை.”

சிடுக்கு தோலை இழுத்துக்கொண்டே இருக்கும், அடியில் ஈரம் தங்கும், புண்ணாகும். சிக்கெடுக்காமல் குளிப்பாட்டினால் இன்னும் இறுகும். அக்காவுக்கு இன்னொரு யோசனையும் இருந்தது: வெயிலுக்கு மொட்டை போட்டுவிட்டால் என்ன? மாமா காதைப் பொத்திக்கொண்டார். பொமரேனியனுக்கு முடி இரண்டு அடுக்கு. வெயில் நேரே தோலில் படாமல் அதுதான் தடுக்கிறது. வழித்துவிட்டால் திரும்பச் சரியாக முளைக்கும் என்று உறுதியில்லை. சிடுக்கை மட்டும் எடுத்தார். எவ்வளவு நேரம் எடுத்தார் என்கிறீர்கள்! அதற்குள் கரண்ட் போய், மின்விசிறி நின்று, நாங்கள் மூவரும் வேர்வையில் ஊறி, பிங்கி மட்டும் தூங்கிவிட்டது.

சோளக்காட்டுக் காவலுக்கு இருக்கும் ராஜபாளையத்தைப் பார்த்ததும் தம்பி எழுந்து முன்னால் போய் நின்றார். இந்த இனத்தில் காது கேளாமல் பிறப்பவை உண்டு. பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். 2005-ல் இந்திய அஞ்சல் தலையில் இடம்பிடித்த இனமாக்கும்! ஆனால் இந்தப் பெரிய மனிதரின் விரலிடுக்கிலும் காது மடிப்பிலும் உண்ணி குடும்பம் குடும்பமாக இருந்தது. கூட வந்தவர் மாட்டுக்கு அடிக்கிற மருந்தை இதற்கும் அடித்துப் பார்த்தாராம். மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அளவு தெரியாமல் அடித்து, அதை நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து. தம்பி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து ஒவ்வொன்றாக நேரே இழுத்துப் பாட்டிலில் போட்டார். டாக்டரம்மா வந்து பார்த்தது உண்ணியை அல்ல, ஈறை. வெளுத்திருக்கிறதா? சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு உண்டா? உண்ணிக் காய்ச்சல் அப்படித்தான் காட்டிக்கொடுக்குமாம்.

இப்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் மணி மயக்கத்தில் இருக்கிறது.

மணி நாட்டு நாய், ஏழு வயது. அதைக் கூட்டி வந்த பள்ளிக்கூடத்துப் பெண் சொன்ன கதையில் எல்லாமே இருந்தது. சோற்றை வாயில் எடுத்துக் கீழே போடுகிறது. ஒரு பக்கமாகவே மெல்லுகிறது. காலால் வாயைத் தேய்க்கிறது. எச்சிலில் சிவப்பு. பிறகு கண்ணுக்குக் கீழே வீக்கம். அவள் அம்மா அது ஏதோ குளவி கொட்டியது என்று மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறார். வீங்கியது கண்ணல்ல, மேல்தாடைப் பெரிய கடைவாய்ப் பல்லின் வேர். அங்கே சீழ் வைத்தால் கண்ணுக்கடியில்தான் வெளிவரும்.

“நாய் வாய்னா நாறத்தானே செய்யும்னு சொல்வாங்க. அதைக் கேட்டாதான் எனக்குக் கோவம் வரும்,” என்றார் டாக்டரம்மா. 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். “சந்தையில மாடு வாங்குறப்ப பல்லைப் பிடிச்சுப் பார்க்காம ஒருத்தராச்சும் காசு குடுக்குறாங்களா? தானமா வந்த மாட்டையே விடறதில்ல. நாய்க்கு மட்டும் யாரும் உதட்டைத் தூக்கிப் பார்க்க மாட்டாங்க.” எனக்கு இது சுருக்கென்று பட்டது. நாய்க்கு 42 பல். பெரும்பாலான நாய்களுக்கு மூன்று வயதுக்குள்ளேயே ஈறு நோயின் அறிகுறி தெரியத் தொடங்கிவிடுகிறது.

மணிக்குத் தொண்டையில் குழாய் செருகியிருக்கிறார்கள். தண்ணீரும் அழுக்கும் நுரையீரலுக்குப் போகாமலிருக்க. ரீங்காரமிடும் கருவி பட்டதும் பழுப்புக் காரை சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழுகிறது. ஐயோ, பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை! அடியிலிருந்து விருத்தாசலம் பீங்கான் மாதிரி வெள்ளைப் பல் எட்டிப் பார்த்தது. மயக்கம் கொடுக்காமல் வெளியே தெரிவதை மட்டும் சுரண்டினால் என்ன என்று கேட்டேன். பார்க்க அழகாக இருக்கும், நோய் ஈறுக்கடியில் அப்படியே கிடக்கும் என்றார். கெட்டுப்போன அந்தக் கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்திருந்தது. எலும்புதான் காரணமாக இருக்கும் என்கிறார். கறிக்கடையில் வாங்கிப் போடுகிற கெட்டி ஆட்டுக்கால் எலும்பு இந்தப் பல்லைத்தான் உடைக்கும். பல் வெளியே வந்தது. அந்தப் பெண் அதைக் கேட்டு வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

வீட்டில் தேய்க்கலாம், விரலில் சுற்றிய துணியே போதும் தொடங்க. நாம் தேய்க்கிற பேஸ்ட் மட்டும் கூடவே கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சில பேஸ்ட்களில் இருக்கும் சைலிட்டால் என்கிற இனிப்பு நாய்க்கு விஷம்.

வேலை முடிந்தது. டாக்டரம்மா தரையில் மணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தயிர்சாதத்தைத் திறந்தார். ஒரு கை சோற்றில், ஒரு கை நாயின் விலாவில். மணி தலையைத் தூக்கும்வரை அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டாராம். வெளியே மாமா தம்பியிடம் டீக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். மணி விஷயத்தில் இருவருமே ‘பல்’ என்று சொல்லிவிட்டதால் அந்த டீ யார் தலையில் என்று தகராறு. கடைசியில் என் தலையில் விழுந்தது.

உங்கள் வீட்டு நாய்க்கு இன்றைக்குச் சாப்பாடு வைக்கும் முன், அது சாந்தமாக இருக்கிற நேரம் பார்த்து, மேலுதட்டை ஓரமாகத் தூக்கிக் கடைவாய்ப் பக்கம் பாருங்கள். பழுப்புக் காரையோ ஈறோரம் சிவப்புக் கோடோ தெரிந்தால், வாடை மூக்கைத் துளைத்தால், பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கு இந்த வாரமே கூட்டிப் போய்விடுங்கள்.