வாழைப்பழத்தில் ஊசி!

மேடையில் ஒரு தலைவர் தன் எதிரியைத் திட்டினால் நமக்கு உடனே புரிந்துவிடுகிறது. பிடித்தால் கைதட்டுகிறோம், பிடிக்காவிட்டால் முகம் சுளிக்கிறோம். அதே தலைவர் எதிரியைப் புகழ ஆரம்பித்தால்? நண்பர்களே, அங்கேதான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த வித்தை அப்போதுதான் நடக்கிறது. பழத்தின் தோலில் கீறல்கூடத் தெரியாது. கடித்தவனுக்குத்தான் தெரியும்!

தமிழ் வாத்தியார் இதற்கு 'வஞ்சப்புகழ்ச்சி அணி' என்று பெயர் சொல்லிக் கொடுத்தார். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதோடு நாம் மறந்துவிட்டோம். புகழ்வதுபோல் இகழ்வது, இகழ்வதுபோல் புகழ்வது என்று அதில் இரண்டு வகை உண்டு. அரசியல்வாதிகளுக்கு அதிகம் பயன்படுவது முதல் வகைதான்.

ஔவையார் போட்ட பிள்ளையார் சுழி

இந்தக் கலையில் நம்மவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. தகடூர் அதியமானுக்கும் தொண்டைமானுக்கும் பகை வந்தபோது ஔவையார் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து பெருமையாகக் காட்டினான். ஔவையார் கோபப்படவில்லை. உன் ஆயுதங்கள் மயில்தோகை சூடி, நெய் பூசி, அழகாகக் காவலில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற பொருளில் பேசினார். புறநானூற்றில் 95-ஆம் பாட்டு அது.

நம் பாஷையில் சொன்னால், டூல் ரூமில் கிரீஸ் தடவி, பேப்பர் சுற்றி வைத்திருக்கும் வைஸைப் பார்த்து, "அடடா, வாங்கினப்போ இருந்த மாதிரியே வச்சிருக்கீங்களே!" என்று சொல்வது போல. கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் சேதி, 'இங்கே ஒரு வேலையும் நடக்கவில்லை' என்பது!

திட்டாமல் ஏன் புகழ வேண்டும்?

காரணம் இல்லாமல் இல்லை. முதலாவது, நேரடியாகத் திட்டினால் திட்டு வாங்கியவர் மேல் ஜனங்களுக்கு இரக்கம் வந்துவிடும். புகழ்ந்தால் அந்த ஆபத்து குறைவு. இரண்டாவது, சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் தகாத வார்த்தை பேசினால் அவைத்தலைவர் அதைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடலாம். 'நல்லவர்' என்ற வார்த்தையை எந்த விதியைக் காட்டி நீக்குவது? மூன்றாவதுதான் முக்கியம். அடிபட்டவர் வாயைத் திறந்தால், "நான் உங்களைப் பாராட்டித்தானே பேசினேன், இதுக்குப் போய் கோபமா?" என்று கேட்டுவிடலாம். அடித்தவனே ஆறுதலும் சொல்கிற கதை!

இனி, இந்த ஊசியின் வகைகளை வரிசையாகப் பார்ப்போம்.

வகை 1: வேண்டாத குணத்தைப் புகழ்வது

பிரிட்டனில் சர்ச்சிலும் அட்லியும் எதிரெதிர்க் கட்சித் தலைவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது கூட்டு மந்திரிசபையில் சர்ச்சில் பிரதமர், அட்லி துணைப் பிரதமர். 1945 தேர்தலில் அட்லியின் தொழிற்கட்சி 393 இடங்களைப் பிடித்து சர்ச்சிலைத் தோற்கடித்தது. "அட்லி அடக்கமானவர், அடங்கியிருக்க அவருக்கு நிறையவே காரணம் இருக்கிறது" என்று ஒரு பேச்சு சர்ச்சில் பெயரில் நெடுங்காலமாக உலவுகிறது. அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் நாட்டை ஆள்பவரிடம் ஜனங்கள் முதலில் தேடுவது திறமை. அதைப் பற்றி மூச்சு விடாமல் அடக்கத்தை மட்டும் புகழ்ந்தால், 'திறமை இல்லை' என்பது தானாகவே விளங்கிவிடும். பாலம் கட்டிய என்ஜினியரைப் பார்த்து 'கையெழுத்து அழகா இருக்கு' என்று சொன்னால் அந்தப் பாலத்தில் யார் நடப்பார்கள்?

வகை 2: பெருந்தன்மை வேஷம்

1984-இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். ரீகனுக்கு வயது 73. எதிர்த்து நின்ற மாண்டேலுக்கு 56. முதல் டி.வி. விவாதத்தில் ரீகன் தடுமாறியதால் 'வயசாகிவிட்டது' என்ற பேச்சு எழுந்தது. அக்டோபர் 21-ஆம் தேதி கன்சாஸ் சிட்டியில் நடந்த இரண்டாவது விவாதத்தில் ஒரு பத்திரிகையாளர் இதைப் பற்றியே கேட்டார். வயதை நான் தேர்தல் பிரச்சினை ஆக்க மாட்டேன், என் போட்டியாளரின் இளமையையும் அனுபவக் குறைவையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்றார் ரீகன். அரங்கமே சிரித்தது. மாண்டேலும் சிரித்துவிட்டார்!

கவனியுங்கள். மாண்டேல் செனட்டராக இருந்தவர், நான்கு வருஷம் துணை ஜனாதிபதியாகவும் இருந்தவர். அவருக்கா அனுபவக் குறைவு? ஆனால் 'சொல்ல மாட்டேன்' என்று சொல்லியே சொல்லியாகிவிட்டது. பெருந்தன்மைப் பட்டமும் ரீகனுக்கே கிடைத்தது. தேர்தலில் 50 மாநிலங்களில் 49-ஐ ரீகன் பிடித்தார். அதற்குப் பொருளாதாரம் முதலிய பெரிய காரணங்கள் உண்டு. இருந்தாலும் வயசுப் பேச்சு அந்த ராத்திரியோடு அடங்கியது.

வகை 3: குற்றத்தைச் சுற்றிப் புகழ்மாலை

2017 பிப்ரவரி 8. ராஜ்யசபாவில் ஜனாதிபதி உரைக்கு நன்றி தெரிவிக்கும் விவாதத்துக்குப் பிரதமர் நரேந்திர மோடி பதில் சொல்கிறார். எதிர்வரிசையில் முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங். சில மாதங்களுக்கு முன் இதே சபையில் பணமதிப்பிழப்பைக் கடுமையாக விமர்சித்தவர் அவர். மன்மோகன் சிங்கிடம் அரசியல்வாதிகள் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது, இத்தனை ஊழல்கள் நடந்தும் அவர் மேல் ஒரு கறைகூட இல்லை என்று தொடங்கினார் மோடி. பிறகு, பாத்ரூமில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு குளிக்கும் கலை அவருக்கு மட்டுமே தெரியும் என்று முடித்தார். காங்கிரஸ் உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தார்கள்.

இந்தப் பேச்சைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். 'கறை இல்லை' என்பது தோல். 'இத்தனை ஊழல் நடந்தது' என்பது ஊசி. புகழ்ச்சியை ஏற்றுக்கொண்டால் ஊழலையும் ஏற்றுக்கொண்டதாக ஆகும். மறுத்தால் தன் நேர்மையைத் தானே மறுப்பது போல் தெரியும். இருபக்கமும் கூர்! பேச்சு சரியா தவறா என்பது அவரவர் கட்சியைப் பொறுத்தது. நாம் பார்ப்பது அது வேலை செய்யும் விதத்தை மட்டும்.

வகை 4: "நீ மட்டும் நல்லவன்"

எல்லாவற்றிலும் ஆழமாகக் குத்துவது இதுதான். ஒருவரைத் தூக்கி வைப்பதுபோல் அவருடைய கூட்டத்தையே கீழே தள்ளுவது. 'வாஜ்பாய் நல்லவர், ஆனால் கட்சி சரியில்லை' என்று அந்தக் காலத்தில் எதிர்க்கட்சியினர் பலர் சொல்லி வந்தார்கள். 1996 மே மாதம் 13 நாள் அரசாங்கம் கவிழும் தறுவாயில், லோக்சபாவில் நம்பிக்கைத் தீர்மானத்தின்மேல் பேசிய வாஜ்பாய் இதை நேரடியாகவே எடுத்துக்கொண்டார். சரி, அந்த நல்ல வாஜ்பாயை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார்! புகழ்ச்சியைத் திருப்பிப் பிடித்து, அதில் உபயோகம் ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டார்.

அமெரிக்காவில் 2007 ஜனவரி கடைசியில் ஜோ பைடன் தன் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியில் குதித்தார். போட்டியாளர் பராக் ஒபாமாவைப் பற்றி ஒரு பத்திரிகைப் பேட்டியில் நன்றாகப் பேசக்கூடியவர், புத்திசாலி, சுத்தமானவர் என்றெல்லாம் அடுக்கினார். அதுவும் முன்னணிக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் இப்படி என்ற தோரணையில்! அப்படியானால் இதற்கு முன் வந்த கறுப்பினத் தலைவர்களெல்லாம் பேசத் தெரியாதவர்களா? பைடன் வருத்தம் தெரிவித்தார். ஒபாமாவின் பதில்தான் பாடம். ஜெஸ்ஸி ஜாக்சன், ஷெர்லி சிஷோம் முதலிய முன்னோடிகளின் பெயரைச் சொல்லி, அவர்களை யாரும் பேசத் தெரியாதவர்கள் என்று சொல்ல முடியாது என்றார். தனக்கு வந்த மாலையைத் தன் இனத்தாரைக் கீழே தள்ளிவிட்டு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுதானே அதற்கு அர்த்தம்!

அதே ஒபாமாவுக்கும் நாக்கு சறுக்கியது. 2008 ஜனவரி 5-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயர் விவாதத்தில், ஹிலாரி கிளின்டனை ஜனங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லையே என்ற பேச்சு வந்தது. "உங்களைப் போதுமான அளவு பிடிக்கத்தான் செய்கிறது, ஹிலாரி" என்ற பாணியில் ஒபாமா ஒரு வார்த்தை விட்டார். 'போதுமான அளவு' என்பதில் இருந்தது ஊசி. பார்த்தவர்கள் பலருக்கு அது அலட்சியமாகப் பட்டது. மூன்றே நாளில், கருத்துக்கணிப்புகளைப் பொய்யாக்கி அந்த மாநிலத்தில் ஹிலாரி ஜெயித்தார். இந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊசி சில சமயம் ஏற்றியவர் கையையும் குத்தும் என்பது உண்மை.

ஒரு 'கோ, நோ-கோ' கேஜ்

ஒர்க்‌ஷாப்பில் ஜாப் சரியா இல்லையா என்று கேஜ் வைத்துப் பார்க்கிறோம். புகழ்ச்சிக்கும் அப்படி மூன்று கேள்விகள் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: 'ஆனால்', 'இருந்தாலும்', 'மட்டும்', 'பாவம்' என்ற வார்த்தைகள் உள்ளே இருக்கின்றனவா?

இரண்டு: புகழப்படும் குணம் அந்தப் பதவிக்குச் சம்பந்தப்பட்டதா?

மூன்று: இவரைப் புகழ்வதால் வேறு யாராவது கீழே போகிறார்களா?

மூன்றையும் தாண்டி வந்தால் அது நிஜப் புகழ்ச்சி. ஒன்றில் மாட்டினாலும், ஜாப் ரிஜெக்ட்!

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. நம் மாணவர் பேரவைத் தேர்தலிலேயே, "அவன் ரொம்ப நல்ல பையன்டா, பாவம், ஒண்ணும் தெரியாது" என்று கேன்டீனில் பேசியே ஒரு வேட்பாளரைக் காலி செய்துவிடலாம். யாரும் அவனைத் திட்டவில்லை. ஆனால் ஓட்டு போய்விட்டது!

அதைவிடப் பெரியது ஒன்று. "டிப்ளமோதான் படிச்சிருக்கே, இருந்தாலும் நல்லா டிராயிங் படிக்கிறியே!" என்று வேலைக்குப் போன நம் சீனியர்கள் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! "பொம்பளப் பிள்ளையா இருந்தும் லேத்துல நல்லா வேலை செய்யுதே!" என்ற பாராட்டை நம் சகோதரிகள் எத்தனை தடவை வாங்கியிருக்கிறார்கள்! சொல்பவர் நல்ல எண்ணத்தோடுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் இது நாலாவது வகையைச் சேர்ந்ததுதான். 'மற்ற டிப்ளமோக்காரனுக்குத் தெரியாது, மற்ற பெண்களால் முடியாது' என்பதை ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பாராட்டு நம் கைக்கு வரும். "தேங்க்ஸ் சார்" என்று சிரித்து வாங்கிக்கொள்ளும்போது, பின்னால் வரிசையில் நிற்கும் நம் ஜூனியர்களை நாமே ஒருபடி இறக்கிவிடுகிறோம்.

சண்டை போட வேண்டியதில்லை. "சார், எங்க கிளாஸ்ல எல்லாருமே இப்படித்தான் டிராயிங் படிப்போம்" என்று மரியாதையாக ஒரு வரி சொன்னால் போதும். பழத்தை வாங்கிக்கொண்டு ஊசியை மட்டும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. வாஜ்பாய் செய்ததும் ஒபாமா செய்ததும் இதைத்தானே!

இந்த வருஷம் படிப்பை முடித்து வெளியே போகும் நண்பர்களே, நாளைக்கு நீங்களும் நாலு பேரை வேலை வாங்கும் இடத்துக்கு வருவீர்கள். அப்போது உங்கள் கீழ் வேலை செய்யும் ஐ.டி.ஐ. பையனைப் பாராட்டும்போது, அந்த 'இருந்தாலும்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். "நல்லா செஞ்சிருக்கே தம்பி" என்றால் போதும். ஊசி இல்லாத பழமும் இனிக்கத்தான் செய்யும்!