குருபரம்பரையும் கணினி அட்டவணையும்

குருபரம்பரையைக் கணினியில் ஏற்றுவோர், ஒவ்வொருவர் பெயரெதிரே ஆசார்யனுக்கென ஒரு கட்டம் அமைக்கின்றனர். அதைப் பற்றி மேலேறினால் எம்பெருமானார், பெரிய நம்பி, ஆளவந்தார், மணக்கால் நம்பி, உய்யக்கொண்டார், நாதமுனிகள், நம்மாழ்வார் என வரிசை கிட்டும். நாம் அநுஸந்திக்கும் முறையும் இதுவே. ஆனால் எம்பெருமானாருக்கு ஆசார்யர்கள் ஐவரன்றோ! ஒரே கட்டமெனில், ஸ்ரீராமாயணார்த்தம் எவரிடம் கேட்டாரென வினவினால் கணினி திருமலை நம்பியைச் சொல்லாது. பெரிய நம்பியென்றே பொய்யுரைக்கும். ஆகவே சிஷ்யன், ஆசார்யன், பெற்ற அர்த்தம் என மூன்றும் ஒரு வரியில் அமையும் ஸம்பந்த அட்டவணை தனியே வேண்டும். ஐவருக்கு ஐந்து வரிகள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூர் இடைகழியில் கூடிய முதலாழ்வார் மூவர்க்கோ மானிட ஆசார்யனில்லை. அதற்காகக் கட்டத்தை வெறிதே விடலாகாது. வெறுங்கட்டம் ‘இல்லை’ என்றும் பொருள்படும், ‘அறியோம்’ என்றும் பொருள்படும். அங்கு எம்பெருமானையே எழுதுக.